திட்டுவது யார்?

1957 ஏப்ரலில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டியிருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே கட்டுக்கட்டாகத் துளையிட்ட அட்டைகள். இன்னது என்று சொல்லும் கடிதமோ குறிப்போ கூட வரவில்லை. கடற்படைக்கு அணு உலை வடிவமைத்துக்கொண்டிருந்த அந்த ஆய்வகத்தில் ஐபிஎம் 704 கணினி ஒன்று இருந்தது. ஃபோர்ட்ரான் என்றொரு மொழி வரப்போகிறது என்பதும் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். வந்திருப்பது அந்த மொழியில் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலராகத்தான் இருக்கும் என்று ஊகித்த ஹெர்பர்ட் பிரைட்டும் சகாக்களும், கைவசம் இருந்த ஒரு சோதனை நிரலை அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் சிறிது நேரம் ஓடியது, நின்றது, ஒரு குறையை அச்சடித்துத் தந்தது. இன்ன இடத்தில் அடைப்புக்குறிக்குப் பிறகு காற்புள்ளியைக் காணோம்!

காற்புள்ளியைச் சேர்த்து மறுபடி கொடுத்ததும் நிரல் ஓடிவிட்டது. இந்த நிகழ்ச்சியைப் பிரைட்டே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். உருவாக்கியவர்களின் கையை விட்டு வெளியே வந்த கம்பைலர், அந்நியர்களிடம் வாயைத் திறந்ததே குறை சொல்லத்தான். அன்று தொட்டு, முதல் நிரலை எழுதும் ஒவ்வொருவருக்கும் இதே வரவேற்புதான்.

ஆனால் புதிதாக எழுதுபவர்களைக் குழப்புவது பிழை வந்தது அல்ல. அந்தப் பிழையைச் சொன்னது யார் என்று தெரியாததுதான். 'கம்ப்யூட்டர் எரர் காட்டுகிறது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் என்று ஒரே ஆள் அங்கே இல்லை. ஐந்து வரி நிரல் ஒன்று திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டுவதற்குள் ஐந்தாறு தனித்தனி நிரல்களின் கையில் அகப்பட்டு வெளியே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது வேறு, தெரியாதது வேறு. தாலுகா அலுவலகத்தில் கொடுத்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும் அல்லவா? அதே கதைதான்.

எடுத்துக்காட்டுக்கு, உலகம் முழுக்கப் புதியவர்கள் எழுதும் அந்த 'ஹலோ, வேர்ல்டு' நிரலையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிஹான் 1972-ல் பி என்ற மொழிக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினார். அதில் இந்த வாக்கியம் இருக்கிறது. பி மொழியில் ஓர் எழுத்து மாறிலிக்குள் நான்கு எழுத்துக்கு மேல் அடங்காது. அதனால் வாக்கியத்தை நான்கு நான்கு எழுத்தாக நறுக்கி, மூன்று துண்டாக வைத்துத்தான் அச்சிட வேண்டியிருந்தது. பி-யின் வாரிசான சி மொழிக்கு அவர் 1974-ல் எழுதிய குறிப்பிலும் அது தொடர்ந்தது. சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 1978-ல் வெளியானதும் அது மரபாகவே ஆகிவிட்டது.

அந்தப் புத்தகம் இந்த நிரலை மொழிப்பாடமாக மட்டும் வைக்கவில்லை. நிரலை ஒரு கோப்பில் எழுத வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், ஓட்ட வேண்டும், வெளியீடு எங்கே போய் விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டுவதுதான் முதல் தடை என்பது அதன் ஆசிரியர்களின் எண்ணம். நிரலில் சிந்திக்க ஒன்றும் இல்லாமல் போனதே வசதி: தவறு வந்தால் அது பாதையில்தான் இருக்கிறது.

லினக்ஸ் கணினியில் ஹலோ.சி என்ற கோப்பை எழுதிவிட்டு 'ஜிசிசி ஹலோ.சி' என்று தட்டுகிறார் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசிதான் இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் கம்பைலர். உண்மையில் அந்தப் பெயரில் ஓடும் நிரல் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. மற்ற நிரல்களை வரிசையாகக் கூப்பிட்டு, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இடையில் உருவாகும் கோப்புகளைக் காரியம் முடிந்ததும் அழித்தும் விடுகிறது. 'சேவ் டெம்ப்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் அழிக்காமல் விட்டுவைக்கும். ஒவ்வொன்றாக அவற்றைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

முதலில் வருவது ப்ரீபிராசஸர். அதற்கு சி மொழியே தெரியாது. # என்ற குறியில் தொடங்கும் வரிகளைப் பார்த்து, சொன்ன கோப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒட்டும். ஐந்து வரி நிரல் இதன் கையை விட்டு வெளியே வரும்போது எழுநூறு எண்ணூறு வரியாகப் பெருத்திருக்கும். அப்படி ஒட்டச் சொல்லும் கோப்பின் பெயரான எஸ்டிடிஐஓ என்பதை மாணவர்கள் அடிக்கடி 'ஸ்டுடியோ' என்று எழுதிவிடுவார்கள். கண் பழக்கம்! உடனே 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்ற செய்தி வரும். பேசுவது ப்ரீபிராசஸர். நிரலின் மற்ற வரிகளை யாரும் இன்னும் படிக்கவே இல்லை. ஆகவே அங்கே தேடிப் பயனும் இல்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கு இந்தச் செய்தி வேறு வகையில் அறிமுகம். அவர்கள் சி கற்றது போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி-யில். நீலத்திரை, மஞ்சள் எழுத்து, கண்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும். ஓடி முடிந்த அடுத்த நொடியே நீலத்திரை திரும்பி வந்து மூடிவிடுவதால், வெளியீட்டைப் பார்க்க ஆல்ட் எஃப்5 அழுத்த வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நிரலின் கடைசியில் 'கெட்ச்' என்ற வரியைப் போட்டு ஒரு விசைக்காகக் காத்திருக்க வைப்பார்கள். தொடக்கத்தில் 'க்ளியர் ஸ்கிரீன்'. இரண்டுக்கும் கோனியோ.எச் என்ற தலைப்புக் கோப்பு வேண்டும். இவையெல்லாம் சி மொழியின் பகுதி என்றே பலரும் நம்பிவிட்டார்கள். டாஸ் காலத்து நிறுவனம் ஒன்று தன் கம்பைலரோடு கொடுத்த சேர்க்கை அது என்பது, லினக்ஸில் அதே நிரலைக் கொடுத்து, 'கோனியோ.எச் இல்லை' என்ற பதிலைப் பார்க்கும்போதுதான் தெரியவந்தது. 64 பிட் விண்டோஸ், 16 பிட் நிரல்களை ஓட்டாது. அப்படியிருந்தும் டாஸ்பாக்ஸ் என்ற போலிச் சூழலுக்குள் டர்போ சி-யை உட்காரவைத்துப் பல ஆய்வகங்களில் பாடம் நடந்தது. மாணவருக்குக் கம்பைலரைக் கற்றுக்கொடுக்காமல் ஒரு சாவிச்சேர்க்கையைக் கற்றுக்கொடுத்ததன் விளைவு இது.

ப்ரீபிராசஸர் ஒட்டித் தந்ததை வாங்குவது கம்பைலர். இலக்கணம் பார்ப்பது இங்கேதான். புதியவர்களுக்கு இதன்மேல் ஒரு தீராத கோபம் உண்டு: அரைப்புள்ளி விட்டது மூன்றாம் வரியில், இது நான்காம் வரியைக் குறை சொல்கிறதே! காரணம் எளியது. சி மொழிக்கு வரிமுறிவும் இடைவெளியும் ஒன்றுதான். மூன்றாம் வரி முடிந்தது கம்பைலருக்குத் தெரியாது. வாக்கியம் இன்னும் நீளலாம் என்று அடுத்த சொல்லைப் பார்க்கிறது. அங்கே 'ரிட்டர்ன்' நிற்கிறது. அப்போதுதான் ஏதோ விடுபட்டது என்று புரிகிறது, புரிந்த இடத்தைச் சொல்கிறது. அண்மைய பதிப்புகள் கொஞ்சம் இரக்கம் காட்டி, முந்திய வரியின் முடிவில் அம்புக்குறி போட்டு, இங்கே அரைப்புள்ளி வேண்டும் என்று காட்டுகின்றன. 'பிழை சொன்ன வரியில் ஒன்றும் இல்லையென்றால் மேல்வரியைப் பார்' என்ற ஆய்வக அறிவுரை, பிழை பிடிபட்ட இடமும் பிழை நடந்த இடமும் வேறாக இருக்கலாம் என்ற இந்த விஷயத்தைத்தான் சொல்கிறது.

வேர்ட் கோப்பிலிருந்தோ வாட்ஸ்ஆப் செய்தியிலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு இன்னொரு விபத்து காத்திருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். கம்பைலரின் பல பதிப்புகளோ '342' என்று ஏதோ ஒரு வேண்டாத எண் நிரலுக்குள் கிடப்பதாகச் சொல்லும். எண்ம முறையில் 342 என்றால் நம் கணக்கில் 226. நேரான இரட்டை மேற்கோள் அங்கே அழகுக்காக வளைந்த மேற்கோளாக மாறிவிடுகிறது. அந்த வளைந்த குறி கோப்பில் மூன்று பைட்டாக இருக்கிறது, முதல் பைட் 226. கம்பைலர் பார்ப்பது வடிவத்தை அல்ல, இந்த எண்களை.

கம்பைலரின் வெளியீடு அசெம்பிளி மொழி. 'மைனஸ் எஸ்' என்று சேர்த்தால் அதோடு நின்றுவிடும், திறந்து படிக்கலாம். அங்கே ஓர் அதிசயம். வாக்கியத்தை அச்சிட மாணவி எழுதியது பிரிண்ட்எஃப் என்ற செயற்கூறு. அசெம்பிளியில் பிரிண்ட்எஃப்-ஐக் காணோம். 'புட்ஸ்' என்ற வேறொரு செயற்கூறு அழைக்கப்பட்டிருக்கிறது! எண், தசமம் என்று எதையும் நிரப்பிக் கொடுக்காத வெறும் வாக்கியம், அதுவும் வரிமுறிவில் முடிகிறது. இதற்குப் போய் பிரிண்ட்எஃப் எதற்கு என்று ஜிசிசி தானாகவே எளிய செயற்கூறுக்கு மாற்றிவிட்டது. வேகப்படுத்து என்று யாரும் கேட்காதபோதே இந்த மாற்றம் நடக்கிறது. புட்ஸ் தானே வரிமுறிவைப் போட்டுக்கொள்ளும் என்பதால், வாக்கியத்தின் கடைசியிலிருந்த வரிமுறிவும் வெட்டப்பட்டிருக்கும். எழுதியதை எழுதியபடியே கொடுப்பது கம்பைலரின் கடமை அல்ல; எழுதியதன் பலன் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் கடமை.

அடுத்து அசெம்பிளர், அந்த வரிகளை எண்களாக மாற்றும். அதன் குரலைப் புதியவர்கள் கேட்க நேர்வது அபூர்வம். ஆனால் அது தரும் ஆப்ஜெக்ட் கோப்பில் ஓரிடம் கவனிக்கத்தக்கது. இன்டெல் வகைக் கணினியில், புட்ஸை அழைக்கும் இடத்தில் 232, 0, 0, 0, 0 என்று ஐந்து பைட் இருக்கும். 232 என்றால் 'அழை' என்று பொருள். யாரை? நான்கு சுழியம். முகவரி தெரியாது, காலியாக விட்டிருக்கிறது. 'இங்கே புட்ஸின் முகவரி வர வேண்டும்' என்ற குறிப்பு மட்டும் கோப்பில் வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். தலைப்புக் கோப்பைச் சேர்த்ததாலேயே பிரிண்ட்எஃப் நிரலுக்குள் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தலைப்புக் கோப்பில் இருப்பது இப்படி ஒரு செயற்கூறு உண்டு, இன்னின்னதை ஏற்கும் என்ற அறிவிப்பு மட்டுமே. செயற்கூறின் உடல் நூலகக் கோப்பில் இருக்கிறது.

அந்தக் காலியிடத்தை நிரப்பும் பொறுப்பு லிங்கருடையது. கம்பைலர் என்ற சொல்லைக் கணினி உலகத்தில் புழங்கவிட்ட கிரேஸ் ஹாப்பர், 1952-ல் யூனிவாக் கணினிக்கு எழுதிய ஏ-0 என்ற நிரல் செய்த வேலைகூட இன்றைய கணக்கில் கம்பைலரைவிட லிங்கருக்குத்தான் நெருக்கம்: எண் கொடுத்து வைத்திருந்த துணைநிரல்களை நாடாவிலிருந்து எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, ஒரே நிரலாகக் கோத்துக்கொடுத்தது.

லிங்கருக்கு இலக்கணம் தெரியாது, வரி எண்ணிலும் அக்கறை கிடையாது. அதற்குப் பெயர்கள் மட்டுமே. ஆகவே அதன் பிழைச்செய்தி வேறு தினுசாக ஒலிக்கும்: 'மெயின் என்பதற்கு வரையறை இல்லை'. நிரலின் முதன்மைச் செயற்கூறான மெயின் என்பதை 'மியான்' என்று எழுத்து மாற்றித் தட்டியிருந்தால் இது வரும். கம்பைலருக்கு அந்தப் பெயரில் ஒரு செயற்கூறு இருப்பதில் எந்த ஆட்சேபமும் இல்லை. எடிட்டரில் கோப்பைச் சேமிக்காமலே கம்பைல் செய்தாலும் இதே செய்தி வரும், ஏனென்றால் வட்டில் இருப்பது வெற்றுக் கோப்பு. செய்தியைக் கூர்ந்து படித்தால் 'ஸ்டார்ட்' என்ற செயற்கூறுக்குள் குறை இருப்பதாகச் சொல்லும். நான் அப்படி ஒன்றை எழுதவே இல்லையே என்று மாணவி திகைப்பார். அவர் எழுதவில்லைதான். நிரலின் உண்மையான தொடக்கம் மெயின் அல்ல. லிங்கர் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் சிறிய தொடக்கக் கோப்பில் இருக்கும் ஸ்டார்ட். அதுதான் மெயினைத் தேடுகிறது. டர்போ சி-யில் நூலகக் கோப்புறையைத் தவறாகக் கொடுத்துவிட்டு 'சி0எஸ்.ஓபிஜே கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற செய்தியோடு மல்லுக்கட்டியவர்களும் சந்தித்தது இதே தொடக்கக் கோப்பைத்தான், வேறு பெயரில்.

கணிதச் செயற்கூறுகளில் லிங்கர் இன்னும் வேடிக்கை காட்டும். 2-இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் நிரல் ஒழுங்காக உருவாகிவிடும். மாணவி அதே இடத்தில் ஒரு மாறியைப் போட்டுப் பார்ப்பார். வர்க்கமூலச் செயற்கூறு எங்கே என்று லிங்கர் கேட்கும். 2 என்பது மாறாத எண் என்பதால் கம்பைலர் அங்கேயே கணக்கைப் போட்டு விடையை எழுதிவிட்டது. நூலகத்துக்கு வேலையே வரவில்லை. மாறியின் மதிப்பு முன்கூட்டித் தெரியாது, கணித நூலகம் வேண்டும், அதை 'மைனஸ் எல்எம்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் கைகூடினால் ஏ.அவுட் என்ற கோப்பு கிடைக்கும். 'அசெம்பிளர் அவுட்புட்' என்பதன் சுருக்கம். கென் தாம்ப்சன் பிடிபி-7 கணினிக்கு எழுதிய அசெம்பிளரின் வெளியீட்டுக்கு வைத்த பெயர், அரை நூற்றாண்டு தாண்டியும் மாறவில்லை. எண்பது பைட்கூட இல்லாத மூலநிரல் இப்போது சுமார் 16 கிலோபைட். நூலகத்தையும் உள்ளேயே சேர்த்துவிடு என்று கேட்டால் எண்ணூறு கிலோபைட் அளவுக்குப் போகும். வழக்கமாகச் சேர்ப்பதில்லை. புட்ஸ் எந்த நூலகத்தில் கிடைக்கும் என்ற குறிப்போடு விட்டுவிட்டு, நிரலை ஓட்டும்போது லோடர் தேடிக் கோக்கட்டும் என்று தள்ளிவைக்கிறது லிங்கர்.

இனி ஓட்ட வேண்டும். ஏ.அவுட் என்று தட்டினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வரும். கோப்பு கண்முன் இருக்கிறதே! இங்கே பேசுவது, தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். அது குறிப்பிட்ட சில கோப்புறைகளில் மட்டுமே கட்டளைகளைத் தேடும். நடப்புக் கோப்புறை அந்தப் பட்டியலில் இருக்காது. யாராவது பொதுக் கோப்புறையில் கட்டளையின் பெயரிலேயே ஒரு கள்ள நிரலைப் போட்டுவைத்தால் தெரியாமல் அதை ஓட்டிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. அதனால்தான் முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும். இதைவிடத் தந்திரமான பொறி, நிரலுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைப்பது. டெஸ்ட் என்று தட்டினால் பிழையும் வராது, வெளியீடும் வராது. ஷெல்லுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது, ஓடியது அது. மாணவி தன் நிரலில் தவறு தேடிக்கொண்டிருப்பார்.

சரியாக அழைத்தால் இயங்குதளத்தின் கெர்னல் கோப்பின் முதல் நான்கு பைட்டைப் பார்க்கும்: 127, பிறகு இ, எல், எஃப் என்ற எழுத்துகளுக்கான எண்கள். லினக்ஸில் ஓடத்தக்க கோப்பு என்பதற்கான அடையாளம் அது. எந்த வகைச் செயலிக்கானது என்ற தகவலும் பக்கத்திலேயே உண்டு. இன்டெல் கணினியில் உருவாக்கிய கோப்பை ஏஆர்எம் செயலி கொண்ட ராஸ்பெரி பை-யில் கொண்டுபோய் ஓட்டினால் 'வடிவம் தவறு' என்று கெர்னல் மறுத்துவிடும். 232 என்றால் 'அழை' என்று அங்கே பொருள் இல்லை. மூலநிரலை எடுத்துப்போய் அங்கேயே கம்பைல் செய்தால் ஓடும்.

எஸ்ட்ரேஸ் என்ற கருவியோடு ஓட்டினால், நிரல் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றும் வரிவரியாகத் தெரியும். நூலகத்தைத் திற, நினைவகம் கொடு என்று முப்பது நாற்பது வரி ஓடியபின், கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வரி: 1 என்ற எண்ணுள்ள வாயிலில் 13 பைட் எழுது. வாக்கியத்துக்குப் பன்னிரண்டு, வரிமுறிவுக்கு ஒன்று. மற்றவை எல்லாம் இதற்கான ஏற்பாடு.

ஹலோவுக்குப் பதில் 'வணக்கம்' என்று போட்டால்? ஓடும். ஆனால் அதன் நீளத்தை 'எஸ்டிஆர்லென்' செயற்கூறிடம் கேட்டால் 21 என்று சொல்லும். நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. யூனிக்கோடு அதை வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழாகப் பார்க்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'வ' என்பது 224, 174, 181. எஸ்டிஆர்லென்னுக்கு எழுத்து என்ற கருத்தே இல்லை, பைட்தான். கம்பைலர் இந்த 21 பைட்டையும் என்னவென்று கேட்காமல் அப்படியே கடத்துகிறது. அவற்றைத் தமிழாக வரைவது டெர்மினலும் எழுத்துருவும். எனவே கட்டங்களாகத் தெரிந்தால் நிரலைத் திருத்த வேண்டியதில்லை. யுடிஎஃப்-8 முறையை 1992-ல் ராப் பைக்கோடு சேர்ந்து வகுத்தவர், பி மொழியையும் ஏ.அவுட் என்ற பெயரையும் தந்த அதே கென் தாம்ப்சன்.

கடைசி வரியான 'ரிட்டர்ன் 0' யாருக்கு? நல்லபடியாக முடிந்தது என்று ஷெல்லுக்குச் சொல்லும் தகவல் அது. இந்தப் புகழ்பெற்ற நிரலின் பழைய ஓட்டை ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் 'டெவ் ஃபுல்' என்றொரு போலிக் கோப்பு உண்டு. எதை எழுதினாலும் இடமில்லை என்று மறுப்பதுதான் அதன் ஒரே வேலை. ஹலோ வேர்ல்டின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டால், ஒரு பைட்கூட எழுதப்படாது. ஆனாலும் நிரல் 0 என்றே சொல்லிவிட்டுப் போகும். வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது நூலகம் அதை உடனே எழுதாமல் நினைவகத்தில் சேர்த்துவைக்கிறது. புட்ஸுக்கு வெற்றி என்று பதில் கிடைத்துவிடுகிறது, மெயினும் 0 என்று சொல்லிவிடுகிறது. சேர்த்துவைத்ததை எழுத முயல்வது அதற்குப் பிறகுதான். அங்கே தோற்றால் கேட்பாரில்லை. ஷெல்லின் 'எக்கோ' கட்டளையை இதே கோப்புக்குத் திருப்பினால் 'எழுத முடியவில்லை, இடமில்லை' என்று உடனே புகார் செய்யும். ஹலோ வேர்ல்டும் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், முடிப்பதற்கு முன், சேர்த்துவைத்ததை உடனே எழுதச் சொல்லும் 'எஃப்ஃப்ளஷ்' செய்து அதன் பதிலைச் சரிபார்க்கும் ஓரிரு வரிகளைக் கூடுதலாக எழுத வேண்டும்.